கையெழுத்து முதலில், கூட்டம் அப்புறம்

கிராம சபை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஊரே கூடி முடிவெடுக்கும் இடம், மக்கள்தான் ராஜா என்றெல்லாம் கீழே டவுனிலிருந்து வருகிறவர்கள் எங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். சார்ட் பேப்பரில் வட்டத்துக்குள் வட்டமாகப் படம் வரைந்து காட்டுவார்கள். நடு வட்டத்தில் 'மக்கள்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அந்த நடு வட்டத்துக்குள் என்ன நடக்கும் என்பதை அவர்கள் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் சுற்றி வந்தவள் நான்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் இருக்கிறது. மலை ஊர்கள் பிரிந்திருக்கிற நாடுகளில் அது எந்த நாடு, எந்த ஊராட்சி என்பதை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று பதில் சொல்ல வேண்டியவள் நான், படிக்கிற நீங்கள் இல்லை. மிளகு, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சாமை என்று பிழைக்கிற ஊர் என்பது போதும். ஊருக்கு மேலே பாறை இடுக்கில் ஓர் ஊற்று உண்டு. குடிக்க, சமைக்க, ஆடு மாட்டுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த ஊற்றைத்தான் நான் ஏறத்தாழ கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

அப்போது நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கல் வரப்பு போடுகிற இடத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, செல்போனில் படம் பிடித்து, காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று என்று ஏற்ற வேண்டும். எங்கள் பக்கம் சிக்னல் கிடைக்காது. படம் பிடித்த கையோடு பாறை மேல் ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஏம்புள்ள, சாமி எறங்கிருச்சா?" என்று கீழே இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். மலையிறங்கி ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அந்தப் பாறைதான்.

கிராம சபை வந்தால் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். தீர்மான நோட்டைக் கொண்டுபோய் வந்தவர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே. கூட்டம் தொடங்கிவிட்டால் ஆட்கள் நழுவிவிடுவார்கள், ஆள் கணக்குக் குறைந்தால் கூட்டம் செல்லாது என்பதால் இந்த ஏற்பாடு. நோட்டில் மேல் பக்கமெல்லாம் காலியாக இருக்கும். கீழ்ப்பக்கத்திலிருந்து கையெழுத்து தொடங்கும். தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் பிறகு ஆபீசில் உட்கார்ந்து நிதானமாக எழுதிக்கொள்வார். கையெழுத்து முதலில், கூட்டம் அப்புறம், தீர்மானம் அதற்கும் அப்புறம். எத்தனையோ கூட்டங்கள் இப்படியே நடந்தன. வெற்றுத் தாளில் ஏன் கையெழுத்து வாங்குகிறோம் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கேட்டவர்களிடம், "சும்மா, வந்ததுக்கு அடையாளம்ங்க" என்று சொல்வேன். அவர்களும் போடுவார்கள். டீயும் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுப்பார்கள். முடிந்தது.

எங்கள் ஊருக்கென்று ஒரு கூட்டம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர்க்கவுண்டர் உட்கார்வார். மற்றவர்கள் துண்டை விரித்துத் தரையில் உட்கார்வார்கள். ஊர்க்கவுண்டர் விஷயத்தைச் சொல்வார். பிடித்திருந்தால் பேசுவார்கள், எப்போது, எப்படி என்று கேட்பார்கள். பிடிக்கவில்லை என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லோரும் பங்காளி, மாமன் மச்சான். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே முகத்தை மிளகுக் கொடியருகே பார்க்க வேண்டுமே. அதனால் ஒவ்வொருவராக எழுந்து, விரித்த துண்டை எடுத்து ஓர் உதறு உதறி, தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். பெண்கள் முந்தானையை உதறிச் செருகிக்கொள்வார்கள். உட்கார்ந்திருப்பவர்களைவிட உதறிப் போனவர்கள் அதிகம் என்றால் அந்தப் பேச்சு அன்றோடு செத்தது. மறுபடி யாரும் அதை எடுக்க மாட்டார்கள், உதறியவர்களிடம் காரணமும் கேட்க மாட்டார்கள். என்னை முதலில் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் சனம் துண்டை உதறித்தான் பதில் சொன்னது. அவர்களும் புரிந்துகொண்டு மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த வருஷம் எங்கள் ஊருக்குக் கீழே ரோட்டோரமாக ஒரு விடுதி வந்தது. வாசலூர்பட்டியில் படகு விட்டுவிட்டு, அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் தங்குவதற்கு மரத்தால் குடில்கள் கட்டினார்கள். குடிலுக்கு ஒரு ஷவர். அதற்குத் தண்ணீர் வேண்டுமே. போர் போட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் தெருவிளக்கு, கழிப்பறை, கொசு மருந்து எல்லாம் வாசித்து முடித்த பிறகு, செயலர் மூச்சுவிடாமல் ஒன்றை வாசித்தார். மேற்படி ஊற்றின் உபரி நீரை மேற்படி விடுதிக்குக் குழாய் மூலம் எடுத்துச் செல்ல ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் கவர்மெண்ட் தமிழில் வாசித்தாலும் ஊற்று என்ற சொல் எங்களுக்குப் புரியும். ஊராட்சி ஆபீசுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது என்பதால் கூட்டத்தில் பாதிக்கு மேல் எங்கள் சனம்தான். முதலில் எழுந்தவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் வலிக்காரர். அவர் வீட்டிலிருந்து ஊற்று கூப்பிடு தூரம். அதைவிட்டால் தண்ணீருக்கு ஓடைவரைக்கும் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும், அது அவரால் ஆகாது. அவர் முந்தானையை உதறிய வேகத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியின் பைல் மேல் புழுதி விழுந்தது. அவருக்குப் பின்னால் ஊர்க்கவுண்டர் துண்டை உதறினார். பிறகு வரிசையாக எல்லோரும். கூட்டம் பாதி காலியாகிவிட்டது. நானும் உதறிக்கொண்டு கிளம்பினேன்.

"பிரசிடெண்டு மூஞ்சியப் பாத்தியா கண்ணு?" என்று நாத்தனார் வழியெல்லாம் சிரித்தார். நானும் சிரித்தேன். பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றுகொண்டே வந்தோம். எங்களைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு அன்றோடு செத்துவிட்டது.

சித்திரை வெயில் ஏறிய சமயத்தில் கறுப்புக் குழாய்ச் சுருள்களோடும் ஒரு மோட்டாரோடும் ஆட்கள் வந்து ஊற்றடியில் இறங்கினார்கள். நாத்தனார்தான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டார். அவர்கள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. மரியாதையாக ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். தன் பெயரை எழுத மட்டும்தான் அவருக்குத் தெரியும், முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டது.

வாசித்தேன். ஆட்சேபணை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று இருந்தது. கீழே எங்கள் சனத்தின் கையெழுத்துகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு. முதல் கையெழுத்து என்னுடையது.

"ஏகமனதுன்னா என்ன கண்ணு?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம்ங்கக்கா."

"நாமதான் ஒதறிட்டு வந்தமே."

 அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி, தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீதானே நோட்டக் கொண்டாந்த" என்றார்.

அன்றைக்கே ஆபீசுக்குப் போய்ச் செயலரிடம் சண்டை போட்டேன். அவர் கீழ்நாட்டுக்காரர், காலை பஸ்ஸில் ஏறி வந்து சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போகிறவர். "யாராச்சும் வேண்டாம்னு சொன்னாங்களா? நான் கேட்டனே, ஆட்சேபணை இருக்குதான்னு. ஒருத்தரும் பேசலீங்களே" என்றார். எல்லோரும் எழுந்து போனார்களே என்றேன். "கூட்டம்னா எந்திரிச்சுதானுங்க போவாங்க, அங்கயே படுத்துக்குவாங்களா?" என்று சிரித்தார். ஆபீசில் இருந்த இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல் இருந்தது.

அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவருக்குத் தெரியாதா? எங்கள் மலையிலேயே பிறந்தவர், எனக்கு மாமன் முறை, அவர் அப்பா எங்கள் கோயில் முன்னால் எத்தனையோ முறை துண்டை உதறியவர். நேரே அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார்கள், குடிக்கவில்லை.

"மாமா, நாங்க ஒதறுனது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சாமி" என்றார். பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஊர்க்கூட்டம் வேற, சர்க்கார் கூட்டம் வேற. சர்க்காருக்குத் துண்டு தெரியாது. வாயத் தொறந்து சொன்னாத்தான் எழுதும். நீ படிச்ச புள்ள, நீ சொல்லியிருக்கலாமே?"

அந்தக் கடைசிக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன்.  அவர் அயோக்கியத்தனம் செய்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்டது சரியான கேள்வி. சர்க்கார் கூட்டத்தில் மௌனம் என்றால் சம்மதம் என்பது எங்கள் ஊரில் எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் நானும் முந்தானையை உதறிவிட்டு வந்தேன், சிரித்துக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டு.

விடுதிக்குக் கூட்டம் வருவது சனி, ஞாயிறுகளில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் ஓடத் தொடங்கும். சோறு வேகிற நேரத்துக்குள் ஊற்றுக்குழி காலி. திங்கட்கிழமை சேற்றுத் தண்ணீர்தான் ஊறும். ஒரு திங்கட்கிழமை நான் குடத்தோடு போனபோது நாத்தனார் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் அந்தச் சேற்றை ஒதுக்கி ஒதுக்கித் தெளிந்ததை அள்ளிக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்காமல் ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். நான் அள்ளித் தருகிறேன் என்று இறங்கினேன்.

"வேண்டாங்க மேடம். நீங்க எழுதற வேலயப் பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்கு மேடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணு என்றும் புள்ள என்றும் கூப்பிட்டவர். என் குழந்தைகளைக் குளிப்பாட்டியவர். சண்டை போட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவரைப் பார்த்து ஊரில் மற்றவர்களும் மேடம் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கடைக்காரர்கூட.

மனு எழுதினேன். குறைகேட்பு நாளில் மலைக்குக் கீழே பெரிய ஆபீசில் கொடுப்பதற்காக முதல் பஸ் பிடித்து, எழுபது வளைவும் இறங்கி, இரண்டு முறை வாந்தி எடுத்து, போய்ச் சேர்ந்தேன். வாசலில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் வைத்திருக்கிறேனா என்று சோதனை. பிரச்சினையோடு வருகிறவள் தன்னையே கொளுத்திக்கொள்ள வந்திருக்கிறாளா என்பதுதான் அங்கே முதல் கவலை, பிரச்சினை என்ன என்பது அதற்கு அப்புறம்தான். வரிசையில் நின்று கொடுத்தேன். நம்பர் கொடுத்தார்கள். போனில் மெசேஜ் வந்தது, உங்கள் மனு தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் செயலர் போன் செய்தார். "உங்க மனு என்கிட்டத்தானுங்க வந்திருக்குது. என்ன பதில் எழுதட்டும்?" என்று கேட்டார். யார் மேல் மனு கொடுத்தேனோ அவர் கையிலேயே அது வந்து விழுந்திருந்தது. கிராம சபையின் ஏகமனதான ஒப்புதல் இருப்பதால் மனு முடித்துவைக்கப்பட்டது என்று இன்னொரு மெசேஜ் வந்தது. அந்த மாதமே பணித்தளப் பொறுப்பாளர் வேலையும் போயிற்று. எங்கள் ஊரிலேயே காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த ஒரு பெண்ணை அந்த இடத்தில் வைத்தார்கள். பாவம், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பாறை மேல் ஏறுவது எப்படி என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்த கிராம சபைக்குள் ஊரைப் பேச வைத்துவிடுவது என்று முடிவுசெய்தேன். வீடு வீடாகப் போனேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் போய் நின்றேன். "ஒரே வார்த்தைதானுங்க. வேண்டாம். அவ்வளவுதான். அவங்க கேக்கும்போது சத்தமாச் சொல்லணும்" என்பேன். சின்னப்பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். என் முன்னால் நன்றாகத்தான் சொன்னார்கள். தலைவர் முன்னால் சொல்வார்களா என்று கேட்டால் தலையைச் சொறிந்தார்கள்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவன் அவன். அவன் மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்றது?" என்றார் ஒரு பெரியவர்.

"சேத்துத் தண்ணியக் குடிக்கறதுக்கு மட்டும் முடியுதுங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அன்னிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நீ. இன்னிக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்றதும் நீ. நாங்க என்ன, நீ ஆட்டற ஆட்டுக்கெல்லாம் ஆடறதுக்கா?" என்று அவர் மனைவி உள்ளிருந்து கேட்டார். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். நாத்தனார் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. போயிருந்தால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருப்பார், அதை என்னால் தாங்க முடியாது.

கூட்ட நாளில் ஆபீஸ் முன்னால் சாமியானா போட்டிருந்தது. பாதுகாப்புக்கு என்று இரண்டு போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் கிராம சபைக்குப் போலீஸ் வந்தது அதுதான் முதல் தடவை, கொசு மருந்துத் தீர்மானத்தைக் காப்பாற்ற வந்திருக்க மாட்டார்கள். மேலிருந்து கூட்டத்தைப் பார்க்க அனுப்பப்பட்ட அதிகாரி, பற்றாளர் என்பார்கள், புதியவர். வந்ததும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். என் வேலைக்கு வந்த காலேஜ் பெண் தீர்மான நோட்டோடு முதல் வரிசைக்கு வந்தாள். எப்போதும் போல மேல் பக்கம் காலி.

நான் எழுந்தேன். "கையெழுத்து கடைசியில போடறோம்ங்க. மொதல்ல கூட்டம் நடக்கட்டும்."

"அதென்ன புதுசா?" என்றார் தலைவர். "போடாதவங்க வரலைன்னு அர்த்தம். வரலைன்னா நாளைக்கு வேலைக்கும் வர வேண்டாம்." அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படியொரு சட்டம் எங்கேயும் கிடையாது, எனக்குத் தெரியும். என் வேலை போனதைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்து என்ன பயன்? நோட்டு கை மாறிப் போயிற்று. ஒருவர் குனிந்து போட்டார். அடுத்தவர் போட்டார். பந்தக்கால் பெரியவர் என்னைப் பார்க்காமல் போட்டார். நாத்தனாரிடம் வந்தபோது மட்டும் அவர் நோட்டைத் தொடாமல் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டார். அவர் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்துவிட்ட எரிச்சல் என்று நினைத்தேன்.

செயலர் முதல் பொருளை வாசித்தார். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களை உறுதி செய்வது. "வேண்டாம்ங்க! ஊத்துத் தீர்மானம் எங்களுக்கு வேண்டாம்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"ஒருத்தர் சொன்னா சபை சொன்னதாகுமா?" என்றார் தலைவர். "மத்தவங்க சொல்லட்டும். யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதா?"

எல்லோர் முகத்தையும் பார்த்தேன். சொல்லுங்கள், ஒரே வார்த்தை, வீட்டில் சொன்னீர்களே. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு ஊர்க்கவுண்டர் எழுந்து துண்டை உதறினார். அடுத்தவர் எழுந்தார். சாமியானா முழுக்க உதறுகிற சத்தம். அந்த நொடியில் நான் தலைவரை வெறுத்ததைவிட என் சனத்தை அதிகமாக வெறுத்தேன். இத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கிச் சொல்லிக்கொடுத்தும் அதே துண்டு, அதே உதறல். செயலர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். அவர் உதட்டில் அந்தச் சிரிப்பு வந்தது.

நாத்தனாரும் எழுந்து முந்தானையை உதறிச் செருகினார். ஆனால் அவர் வெளியே போகவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நேரே மேஜைக்குப் போனார். செயலர் முன்னால் இருந்த தீர்மான நோட்டை எடுத்தார். தரையில் போட்டார். அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டமே திகைத்தது. "ஏனுங்கம்மா, அது அரசாங்க ஆவணம், எந்திரிங்க" என்று செயலர் பதறினார்.

"எழுதுனா எந்திரிக்கறேன்."

"நீங்க மேல உக்காந்துட்டா எதுலங்க எழுதறது?"

"என்ன எழுதப் போறீங்கன்னு மொதல்ல வாயில சொல்லுங்க. சரியா இருந்தா நோட்டத் தாரேன்."

யாரோ சிரித்தார்கள். போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார், முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் பொம்பளையை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் நின்றார். நாத்தனார் அவரைப் பார்க்கவே இல்லை. பற்றாளரைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், எங்கூர்ல துண்ட ஒதறிட்டு எந்திரிச்சா வேண்டாம்னு அர்த்தம். இவனுக்கு அது தெரியும்" என்று தலைவரைக் கையால் காட்டினார். "இவங்கப்பன் ஒதறுனத நான் பாத்திருக்கறேன். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

தலைவர் சாமியானாவின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் சனம் அத்தனை பேரும் சுற்றி நிற்க, அந்தப் பொய் அவர் வாயிலிருந்து வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல முடியாத நோய் அவருக்கும் இருந்தது.

"நிக்கறவங்க எல்லாருக்கும் இந்தத் தீர்மானம் வேண்டாமா?" என்று பற்றாளர் கேட்டார். அப்போதும் யாரும் பேசவில்லை. ஊர்க்கவுண்டர் தோளில் போட்டிருந்த துண்டை மறுபடி எடுத்து அதிகாரிக்கு நன்றாகத் தெரியும்படி ஓர் உதறு உதறினார். மற்றவர்களும் உதறினார்கள். புழுதி எழும்பி, பற்றாளர் டீ டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு நியாயம் தோன்றியதா, பஸ் தோன்றியதா, எனக்குத் தெரியாது. "எழுதிருங்க" என்றார்.

செயலர் சொல்லச் சொல்ல நாத்தனார் கேட்டார். இரண்டு முறை திருத்தினார். 'பரிசீலிக்கப்படும்' என்று வந்தபோது, "அதெல்லாம் வேண்டாம், வேண்டாம்னே எழுதுங்க" என்றார். பிறகுதான் நோட்டைக் கொடுத்தார். அடுத்த வாரம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கறுப்புக் குழாய் இன்னும் உண்ணிச்செடிப் புதரில் கிடக்கிறது, என்றைக்காவது திரும்ப வருவோம் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். விடுதிக்கு இப்போது லாரியில் தண்ணீர் வருகிறது. தலைவர் என் வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

எழுதி முடித்ததும் செயலர் நோட்டை என்னிடம் நீட்டி, "படிச்சுக் காட்டுங்க அவங்களுக்கு" என்றார். எனக்கு ஒரே பெருமை, கண்ணெல்லாம் கலங்கியது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ஊற்று நீரை விடுதிக்குக் கொடுக்கும் தீர்மானம் மக்களுக்கு வேண்டாம், அது ரத்து செய்யப்படுகிறது. நிறுத்தி நிறுத்தி, விரல் வைத்துக் காட்டிப் படித்தேன். முடித்துவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினேன். என்னைத் தவிர, அன்றைக்கு அந்த நோட்டில் கையெழுத்துப் போடாமல் இருந்தது அவர் ஒருவர்தான்.

அவர் பேனாவை வாங்கவில்லை. நோட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, இங்க வா" என்று அந்தக் காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டார். "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு நீ படி. இவங்க படிச்சத நான் மறந்துட்டேன்னு நெனச்சுட்டுப் படி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதல் எழுத்திலிருந்து படித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே வரிகளைக் கேட்டேன், ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முடித்த பிறகுதான் நாத்தனார் பேனாவைப் பிடித்துத் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். எனக்கு முகம் எரிந்தது, எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. அவர் செய்தது சரி.